கேள்வி - பதில்: மூன்று பெயர்களில் ஒரு நிறுவனம்

கேள்வி: சென்ற இதழில் துபாயின் புர்ஜ் கலீபாவைப் பற்றி எழுதியபோது, அதை வடிவமைத்தது எஸ்.ஓ.எம். நிறுவனம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏட்ரியன் ஸ்மித் என்பவர்தான் அதன் கட்டடக்கலைஞர் என்று வேறோர் இடத்தில் படித்தேன். எது சரி? அந்த நிறுவனத்தின் கதை என்ன?
- ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் சரிதான். புர்ஜ் கலீபா வரைபலகையில் இருந்த காலத்தில் ஸ்மித் அந்த நிறுவனத்தின் பங்குதாரர். கோபுரத்தின் உருவம் அவருடையது. அந்த உருவம் நிற்பதற்கான கட்டமைப்பை வகுத்தவர், அதே நிறுவனத்தின் பொறியாளர் பில் பேக்கர். 2006இல் ஸ்மித் விலகித் தனி நிறுவனம் தொடங்கினார். கட்டடமோ 2010 ஜனவரி 4 அன்றுதான் திறக்கப்பட்டது. ஆகவே ஒருவர் ஸ்மித்தின் பெயரைச் சொல்கிறார், இன்னொருவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார்.

எஸ்.ஓ.எம். என்பது ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் என்ற மூவரின் பெயர்ச் சுருக்கம். லூயிஸ் ஸ்கிட்மோரும் நதானியல் ஓவிங்ஸும் மைத்துனர்கள். ஓவிங்ஸின் உடன்பிறந்தவரான எலோயிஸை மணந்தவர் ஸ்கிட்மோர். இருவரும் 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வேலை பார்த்தார்கள். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் படுத்துக் கிடந்த காலம் அது. குறைந்த செலவில், குறித்த தேதிக்குள், பல பேரை ஒருங்கே வேலை வாங்கி ஒரு தற்காலிக ஊரையே எழுப்புவது எப்படி என்பதை அந்தக் கண்காட்சியில்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1936இல் சிகாகோவில் சொந்த அலுவலகம், அடுத்த ஆண்டே நியூயார்க்கில் கிளை, 1939இல் ஜான் மெரில் மூன்றாவது பங்குதாரர் என்று நிறுவனம் உருவாயிற்று.

இந்த மூன்றாமவர் ஒரு பொறியாளர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டடக்கலைஞர் படத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, “இது நிற்குமா?” என்று பொறியாளரிடம் நீட்டுகிற வழக்கத்தை உங்கள் பணிக்காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். எஸ்.ஓ.எம். அந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ், பல நேரம் ஒரே மேசையில், முதல் கோடு இழுக்கும்போதே உட்கார வைத்தது. அதன் பெரிய கட்டடங்கள் பலவற்றுக்கு இதுதான் மூலகாரணம் என்பது என் எண்ணம்.

கூடவே இன்னொரு வழக்கத்தையும் கடைப்பிடித்தார்கள். கட்டடம் நிறுவனத்தின் பெயரில்தான் வெளிவர வேண்டும், தனியாள் பெயரில் அல்ல. 1950இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இவர்களுடைய கட்டடங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. 1962இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் நிறுவனங்களுக்கான தன் விருதை முதன்முதலாக இவர்களுக்கு வழங்கி, 1996இல் மறுபடியும் வழங்கியது. பெருமை எல்லாம் பெயர்ப்பலகைக்கு வந்து சேர்ந்தது. பலகைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை. அதை ஒரு வாசகி கேட்டிருக்கிறார், பின்னால் வருகிறேன்.

கேள்வி: இரண்டு பேர் தொடங்கிய அலுவலகம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி?
- வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: போரால் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்ட, டென்னசி மாநிலத்தின் மலைச்சரிவுகளில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரை அமெரிக்க இராணுவம் இரகசியமாக உருவாக்கியது. அதன் வீடுகள், சாலைகள், பள்ளிகள், கடைவீதி ஆகியவற்றைத் திட்டமிடும் வேலை எஸ்.ஓ.எம். நிறுவனத்திடம் வந்தது. தொடக்கத்தில் பதின்மூவாயிரம் பேருக்கென்று நினைத்த ஊர், 1945இல் எழுபத்தையாயிரம் பேரைத் தொட்டது. அப்போதும் அந்த ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. சுற்றிலும் வேலி, வாயிலில் காவல்.

வீடுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளால் பெயர் வைத்து, சில மாதிரிகளை மட்டுமே திரும்பத் திரும்பக் கட்டினார்கள். சுவர்ப்பலகை என்ன தெரியுமா? கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த அட்டை. அதன் இருபுறமும் சிமென்டும் ஆஸ்பெஸ்டாசும் கலந்த தகடு. ஆலையிலிருந்து பலகைகள் லாரியில் வந்து இறங்கும், மரச்சட்டத்தில் பொருத்தினால் சுவர் ஆகிவிடும். தோட்டமும் கணப்புமாக அழகாகவே இருந்தன என்று படங்களைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் அதே ஊரில் கறுப்பினத் தொழிலாளர்களைப் பதினாறடிக்குப் பதினாறடி ஒட்டுப்பலகைக் குடில்களில், ஒரு குடிலுக்குப் பலர் என்று அடைத்து வைத்திருந்தார்கள். திட்டமிட்ட ஊர் என்று ஓக் ரிட்ஜைப் பாராட்டும்போது அந்தக் குடில்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

போர் முடிந்தபோது, ஒரு நகரத்தையே கெடுவுக்குள் கட்டித்தரத் தெரிந்த அலுவலகம் என்ற பெயர் அவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது. பெரிய வாடிக்கையாளர்கள் தாமாக வரத் தொடங்கினார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நகைக்கடை முதல் மருத்துவமனை வரை முகப்பெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. உள்ளே நுழைந்தால் ஏ.சி. இல்லாமல் நிற்க முடிவதில்லை. இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் யார்?
- பள்ளித் தலைமையாசிரியை, சேலம்

பதில்: தொடங்கி வைத்தவர் இவர்தான் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஆனால் அலுவலகம் என்றாலே கண்ணாடிப் பெட்டி என்று உலகத்தை நம்ப வைத்த கட்டடங்களில் முதல் வரிசையில் நிற்பது, 1952இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் எஸ்.ஓ.எம். முடித்த லீவர் ஹவுஸ். வடிவமைத்தவர் அந்த நிறுவனத்தின் கோர்டன் பன்ஷாஃப்ட். சுற்றியிருந்த கட்டடங்கள் எல்லாம் கல்லும் செங்கல்லுமாகத் தெருவோரம் வரை நெருக்கி நின்றபோது, இது மட்டும் நிலத்தின் ஒரு பகுதியைத் திறந்தவெளியாக விட்டுவிட்டு, பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடிப் பலகை போல மேலே எழுந்தது. சுவர் எதையும் தாங்கவில்லை. உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகத்தின் மேல் திரைச்சீலை போலத் தொங்கியது. அதனால்தான் அதற்குத் திரைச்சுவர் என்று பெயர்.

சன்னல்களைத் திறக்க முடியாது. குளிர்சாதனம் இருக்கிற தைரியத்தில்தான் அப்படிச் செய்தார்கள். சன்னலைத் திறக்க முடியாவிட்டால் கண்ணாடியை வெளியிலிருந்துதானே துடைக்க வேண்டும்? மொட்டைமாடியில் தண்டவாளம் போட்டு, அதில் ஓடும் வண்டியிலிருந்து ஒரு தொட்டிலைக் கீழே இறக்கி, அதில் ஆட்களை நிற்க வைத்துத் துடைத்தார்கள். லீவர் சோப்பு நிறுவனம் அல்லவா! தன் தலைமையகத்தை நட்ட நடுத் தெருவில் பளபளவென்று கழுவிக் காட்டுவதைவிட மலிவான விளம்பரம் அதற்கு வேறென்ன கிடைத்திருக்கும்?

ஆனாலும் அந்தச் சுவர் நெடுநாள் தாங்கவில்லை. இடுக்குகளில் நீர் இறங்கி எஃகுச் சட்டங்கள் துருவேறின, கண்ணாடிகள் விரிசல் விட்டன. அரை நூற்றாண்டு ஆவதற்குள் திரைச்சுவர் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று; மாற்றியதும் எஸ்.ஓ.எம். நிறுவனமேதான்.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதிலைப் பன்ஷாஃப்டே பிற்காலத்தில் கட்டிக் காட்டினார். 1983இல் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் ஒரு வங்கிக்காக அவர் வடிவமைத்த இருபத்தேழு மாடி முக்கோணக் கோபுரத்தின் வெளிச்சுவர்களில் சன்னலே கிடையாது. சுவரில் பல மாடி உயரத்துக்குச் சதுரமான பெரிய திறப்புகளை விட்டு, அலுவலக அறைகளின் கண்ணாடிகளை அந்தத் திறப்புகளுக்குள்ளே, நிழலைப் பார்த்தபடி வைத்துவிட்டார். நம் பழைய வீடுகளின் முற்றத்தைத் தூக்கி அந்தரத்தில் வைத்தது போல என்று சொல்லலாம். வெயில் ஊருக்கு எது பொருந்தும் என்பது நியூயார்க்கில் லீவர் ஹவுஸ் கட்டிய அதே கைக்குத் தெரிந்திருந்தது. நம் நகைக்கடைகள் ஜெத்தாவைப் பார்க்காமல் நியூயார்க்கைப் பார்த்ததுதான் கோளாறு.

கேள்வி: எங்கள் பாடத்தில் “குழாய்க் கட்டமைப்பு” என்று வருகிறது. சூத்திரங்கள் இருக்கின்றன, விளங்கவில்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?
- கட்டடப் பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ஒரு மூங்கிலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றுமில்லை, பலமெல்லாம் வெளி வளையத்தில்தான் இருக்கிறது. அதே அளவு மரத்தைத் திரட்டிக் கெட்டியான மெல்லிய குச்சியாகச் செய்தால் காற்றில் சாட்டை போல வளையும். மூங்கில் நிமிர்ந்து நிற்கும். பொருள் நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும் என்று உங்கள் சூத்திரம் சொல்வதும் இதைத்தான்.

உயரமான கட்டடத்துக்கு எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. தூணையும் உத்திரத்தையும் உள்ளே கூண்டு போல அடுக்கிக்கொண்டே போகிற பழைய முறையில், மாடி ஏற ஏற, எடையைத் தாங்கத் தேவையானதற்கு மேல், காற்றை எதிர்க்க மட்டுமே கூடுதலாக எஃகு கொட்ட வேண்டியிருந்தது. அதை உயரத்துக்குக் கட்டும் அபராதம் என்று கருதியவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்து, அங்கும் கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் படித்து, 1952இல் உதவித்தொகையுடன் இலினாய் பல்கலைக்கழகம் போய், 1955இல் எஸ்.ஓ.எம். சிகாகோ அலுவலகத்தில் சேர்ந்தவர்.

கான் செய்தது இதுதான்: தூண்களை வெளிச்சுவருக்குக் கொண்டுவந்து நெருக்கமாக நிறுத்தி, ஆழமான உத்திரங்களால் இறுகக் கோத்து, கட்டடம் முழுவதையும் சன்னல் துளைகள் போட்ட ஒரே குழாயாக்கினார். சிகாகோவின் டிவிட்-செஸ்ட்நட் என்ற நாற்பத்து மூன்று மாடிக் குடியிருப்பில், 1960களின் நடுவில், இது முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. தூணுக்குத் தூண் ஐந்தரை அடிதான் இடைவெளி. காற்று ஒரு பக்கத்தில் மோதினால் அந்தப் பக்கத்துத் தூண்கள் இழுபடும், எதிர்ப்பக்கத்துத் தூண்கள் அமுங்கும்; நான்கு சுவரும் சேர்ந்து ஓர் உடம்பாக நின்று கொடுக்கும்.

ஆனால் நூறு மாடிக்கு அது போதவில்லை. தூண்களுக்கு நடுவிலுள்ள உத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுப்பதால், மூலைத் தூண்களுக்கு மட்டும் சுமை கூடிவிடுகிறது. சிகாகோவின் ஜான் ஹான்காக் கோபுரத்தில் (1969இல் முடிந்தது, 344 மீட்டர்) இதற்குக் கான் கண்ட தீர்வை அரை மைல் தொலைவிலிருந்தே பார்க்கலாம். பதினெட்டு மாடிக்கு ஒன்றாக, முகப்பின் மேல் ராட்சதப் பெருக்கல் குறிகள். அந்தக் குறுக்குச் சட்டங்கள் சுமையை எல்லாத் தூண்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுகின்றன. பலனைக் கிலோவில் பாருங்கள்: எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ எஃகு, ஹான்காக்கில் சுமார் 145 கிலோ. சில வீடுகளின் சன்னலுக்குக் குறுக்கே சட்டம் போகிறதே என்று கட்டடக்கலைஞர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் கட்டடக்கலைஞரான புரூஸ் கிரஹாம் அதை மறைக்க முயலாமல் கட்டடத்தின் அழகே அதுதான் என்று வெளியில் காட்டினார். பொறியாளர் அடுத்த தெருவில் வேறோர் அலுவலகத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்தது அதே சிகாகோவின் சியர்ஸ் கோபுரம். 1970களின் தொடக்கத்தில் எழுந்தது. 442 மீட்டர், நூற்றுப்பத்து மாடி. இப்போது வில்லிஸ் கோபுரம் என்று பெயர். கிரஹாம் ஒரு கைப்பிடி சிகரெட்டை ஒன்றுசேர்த்துப் பிடித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்துக்கு இழுத்துவிட்டு, “இப்படி நிற்குமா?” என்று கானைக் கேட்டார் என்பார்கள். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை ஒடித்துவிடலாம், கட்டு முழுவதையும் சேர்த்து ஒடிக்க முடியாது, அதே தத்துவம். எழுபத்தைந்து அடிச் சதுரமான ஒன்பது குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டி எழும்புகின்றன. ஐம்பதாம் மாடியில் இரண்டும், அறுபத்தாறில் இரண்டும், தொண்ணூறில் மூன்றும் நின்றுவிட, மிச்சமுள்ள இரண்டு மட்டும் உச்சிக்குப் போகின்றன. ஒரு தாளில் ஒன்பது கட்டம் போட்டு இதை வரைந்து பாருங்கள், தேர்வில் மறக்காது.

கேள்வி: அவ்வளவு உயரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆட்டம் தெரியாதா? தலை சுற்றாதா?
- இல்லத்தரசி, சிவகாசி

பதில்: ஆட்டம் உண்டு. ஆடாத உயரமான கட்டடம் கிடையாது. எவ்வளவு ஆடினால் மனிதருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி, அது கானுக்கும் வந்தது. ஹான்காக்கின் மேற்பாதியில் மக்கள் குடியிருக்கப் போகிறார்கள். நாற்பத்து நான்காம் மாடியில் நீச்சல்குளமே இருக்கிறது. கட்டடம் விழாது என்று கணக்குப் போட்டுவிடலாம். குடியிருப்பவருக்கு வயிற்றைப் புரட்டாது என்பதற்கு அன்றைக்குக் கணக்கு இல்லை.

சிகாகோவின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் துணி துவைக்கும் இயந்திரங்களை விளம்பரப்படுத்த ஒரு சுழலும் மேடை வைத்திருந்தார்கள். கான் அதில் ஆட்களை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் படுக்க வைத்தும், மெல்ல மெல்ல அசைவைக் கூட்டி, எந்தக் கட்டத்தில் அவர்களுக்கு உணர்வு தட்டுகிறது என்று பார்த்தார். நூறு மாடிக் கட்டடத்தின் வசதியை வாஷிங் மெஷின் விளம்பரத்தில் சோதித்துப் பார்த்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: புர்ஜ் கலீபாவும் குழாய்தானா? பாலைவன மணலில் எப்படி நிற்கிறது? என் அண்ணன் துபாயில் கட்டட வேலையில் இருந்தவர். அவரைப் போன்றவர்களைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை?
- வாசகர், இராமநாதபுரம்

பதில்: குழாய் அல்ல. மேலிருந்து பார்த்தால் மூன்று இறக்கைகள். நடுவில் அறுகோணமான கெட்டிக் கரு. ஒவ்வோர் இறக்கையும் மற்ற இரண்டுக்கு முட்டுக்கொடுக்கிறது. மூன்று கால் முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் உட்காருமே, அது போல. கீழே ஒன்றரை மீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் ஆழமும் கொண்ட 192 கான்கிரீட் பைல்கள், அதாவது நிலத்துக்குள் இறக்கிய தூண்கள். அவற்றின் மேல் 3.7 மீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் பாய்.

காற்றுக்கு வைத்தியம் உருவத்திலேயே இருக்கிறது. மேலே போகப் போக இறக்கைகள் ஒன்று மாற்றி ஒன்று, சுருளாகப் படிப்படியாகப் பின்வாங்குகின்றன. ஒரே உருவம் உச்சிவரை போனால் காற்றின் சுழிகள் தாளம் தப்பாமல் மோதி, ஊஞ்சலை ஆட்டுவது போல ஆட்டத்தைப் பெருக்கிவிடும். உயரத்துக்கு உயரம் உருவம் மாறினால் சுழிகளால் ஒன்றுசேர முடியாது. காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்குப் பிறகு, கோபுரத்தையே அதன் முதல் திசையிலிருந்து 120 பாகை திருப்பி வைத்தார்கள்.

இனி உங்கள் அண்ணனைப் போன்றவர்கள். கோடையில் பகலில் கான்கிரீட் கொட்டினால் இறுகுவதற்குள் வெடித்துவிடும் என்பதால், கலவையில் பனிக்கட்டி சேர்த்து, இரவில் கொட்டினார்கள். பம்ப் வைத்து 606 மீட்டர் உயரம்வரை ஏற்றினார்கள். இதெல்லாம் பொறியியல் சாதனை என்றுதான் பதிவாகிறது. அந்த இரவுகளில் குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றவர்களில் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளர்கள். கூலியும் நடத்தப்பட்ட விதமும் பொறுக்காமல் 2006 மார்ச்சில் அந்தக் களத்தில் அவர்கள் கொந்தளித்தார்கள். கூலியை முடிவு செய்தது வடிவமைப்பு நிறுவனம் அல்ல, ஒப்பந்ததாரர்கள்தான். ஆனாலும் 828 மீட்டர் என்று எழுதும்போதெல்லாம் அந்த வாக்கியத்தில் இவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. சென்ற இதழில் நான் கொடுக்கவில்லை. உங்கள் கண்டனம் நியாயமானது.

கேள்வி: இவ்வளவு பெயர்கள் சொல்லப்படுகின்றன. அந்த நிறுவனத்தில் பெண்களே இல்லையா?
- கட்டடக்கலை மாணவி, சென்னை

பதில்: இருந்தார்கள், வெளியில் தெரியவில்லை. நடாலி டி பிளாய்ஸ் 1944இல் சேர்ந்தவர். லீவர் ஹவுஸில் அவர் கை உண்டு. நியூயார்க்கில் 1960இல் முடிந்த பெப்சி-கோலா தலைமையகத்திலும் யூனியன் கார்பைடு கோபுரத்திலும் வடிவமைப்பின் பெரும்பகுதி அவருடையது. ஆனால் நிறுவனத்துக்குள் பெருமை பன்ஷாஃப்டுக்குப் போயிற்று. கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கரை 1988இல் பெற்றவரும் பன்ஷாஃப்டே. முப்பதாண்டு உழைத்தும் இணைப் பங்குதாரர் என்ற படியைத் தாண்ட முடியாமல் 1974இல் நடாலி வெளியேறினார். தனியாள் பெயரை முன்னிறுத்தாத நிறுவனம் என்ற கொள்கை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கொள்கை சிலரிடம் கண்டிப்பாகவும் சிலரிடம் தளர்வாகவும் இருந்திருக்கிறது.

அந்த யூனியன் கார்பைடு கோபுரம் இப்போது இல்லை. (ஆம், போபால் யூனியன் கார்பைடேதான்.) அங்கே புதிய தலைமையகம் கட்டுவதற்காக ஒரு வங்கி 2019 முதல் அதைப் பிரித்து இறக்கியது. உரிமையாளரே விரும்பி இடித்த கட்டடங்களில் அதுவரை அவ்வளவு உயரமானது வேறில்லை.

கேள்வி: இந்தியாவில் இவர்கள் கட்டிய எதையாவது சீட்டு வாங்காமல் பார்க்க முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் இவர்களுடையதுதான். உள்ளே போக விமானச் சீட்டு வேண்டும். யாரையாவது வழியனுப்பப் போகும்போது வெளியில் நின்றபடி கண்ணாடி வழியே கூரையைப் பாருங்கள். மூங்கில் பட்டைகளைப் பின்னி விட்டிருப்பார்கள். மும்பையின் இரண்டாம் முனையம், 2014இல் திறந்தது, கட்டமைப்பில் இன்னும் துணிச்சலானது: அவ்வளவு பெரிய கூரையை முப்பதே தூண்கள் தாங்குகின்றன, ஒவ்வொரு தூணும் மேலே போகப் போகக் குடை போல விரிந்து கூரையோடு கலந்துவிடுகிறது. அதற்குக் கீழே பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடுகிறவர்களில் ஒருவர்கூட அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. என் விமானத்துக்கும் அன்றைக்கு நேரமாகிவிட்டிருந்ததால், நானும் தூண்களை முழுதாக எண்ணி முடிக்கவில்லை.